ஊருக்குப் போனா சரியாகுதா?

தம்பி முதலில் கையைக் காட்டவே இல்லை.

சாங்கி விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப்போக வந்திருந்தான். சித்தி மகன். ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு லீவு. முழுக்கைச் சட்டை போட்டு, இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றான். என் பெட்டியை வாங்கக் கை நீட்டியபோதுதான் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, உள்ளங்கை தடித்து, பங்குனி வெயிலில் நம்ம ஊர்க் கரிசல் காடு பிளந்து கிடக்குமே, அதுபோல பாளம் பாளமாக வெடித்திருந்தது.

“என்னடா இது?”

“ஒண்ணுமில்லக்கா. சேத்துப்புண் மாதிரி. கிரீம் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”

சேற்றுப்புண் காலில்தான் வரும். வயலில் இறங்கி வளர்ந்த எங்கள் இருவருக்குமே அது தெரியும். ஆனாலும் ரயில் ஏறும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. குன்னம் பக்கத்தில் ஒரு கிராமம். கல்லூரித் தோழி ஒருத்தி சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், ஒரு மே மாத விடுமுறையில் பிடிவாதமாக டிக்கெட்டே போட்டுவிட்டாள். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். மூன்று வாரம் ஊர் சுற்றிப் பார்க்கும் திட்டம். பார்த்தேன்தான். ஆனால் இன்று யோசித்தால் மெரினா பே விளக்குகளைவிட, ஒரு தோல் மருத்துவமனையின் காத்திருப்பு நாற்காலிதான் நன்றாக நினைவிருக்கிறது.

கடல் இருந்த ஊர்

தம்பியின் கை கதையைச் சொல்ல, முதலில் எங்கள் ஊர் மண்ணின் கதையைச் சொல்ல வேண்டும்.

பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்து, பிரிந்து, சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தவை. ஆனால் மண்ணுக்கு அடியில் பிரிவே கிடையாது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. காரைப் பக்கம் போனால் செம்மண் மேடுகளில் கடல் உயிரினங்களின் ஓடுகள் கல்லாகிக் கிடக்கும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று படுத்திருக்கிறது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டு சொன்னார். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் காட்டில் பொறுக்கிய கல்சங்கைக் கொண்டுவந்து, “டீச்சர், இது நத்தையா?” என்று கேட்பார்கள்.

அந்தக் கடல் விட்டுப்போன இன்னொரு சொத்து, சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள் வந்தன. அரசு சிமென்ட் ஆலை 1979-ல் வந்தது. அதற்குப் பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி போனால், பின்னால் வரும் பைக்காரர் தலை நரைத்துவிடும். தம்பி அந்தப் புழுதியில்தான் பள்ளிக்கூடம் போனான். சிமென்ட் அவனுக்கு அந்நியமான பொருள் இல்லை. திருச்சியில் பயிற்சி எடுத்து, ஸ்கில் டெஸ்ட் முடித்து, வட்டிக்கு வாங்கிய மூன்று லட்சத்தை ஏஜென்டிடம் கட்டி, சிங்கப்பூருக்குப் போனதும் சிமென்ட் வேலைக்குத்தான். கான்கிரீட் போடுவது, பூச்சு வேலை. போய் நாலு வருடம் ஆகியிருந்தது. கைப்புண் வந்து ஒன்றரை வருடம்.

“எக்ஸாமா?”

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“மூணு தடவை காட்டிட்டேன். போன உடனே கையைப் பார்ப்பார். ஏதோ சொல்வார். கிரீம் எழுதுவார். ரெண்டு நிமிஷம்.”

“என்ன சொன்னார்?”

“எக்ஸாமான்னார். என்ன எக்ஸாம்னு எனக்குப் புரியல. நான் எல்லா எக்ஸாமும் முடிச்சிட்டேன், சர்ட்டிபிகேட் ரூம்ல இருக்குன்னு சொன்னேன். அவர் சிரிச்சிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார்.”

எக்ஸிமா. தோல் அழற்சி. அவன் காதில் அது பரீட்சையாக விழுந்திருக்கிறது. அன்று நானும் சிரித்தேன். இரவு படுத்த பிறகுதான் அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றது. ஒன்றரை வருடமாக ஒருவன் தன் நோயின் பெயர்கூடத் தெரியாமல் அதற்கு மருந்து தடவிக்கொண்டிருந்திருக்கிறான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. ஆங்கிலம், மலாய், சீனத்தோடு நான்காவது. ரயில் நிலையத்தில் தமிழ் அறிவிப்பு வருகிறது. கட்டுமான இடத்தின் பலகையில் ‘அபாயம்’ என்று தமிழில் எழுதியிருக்கிறது. டாலர் நோட்டிலும் தமிழ். ஒரு தமிழாசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும்? முதல் இரண்டு நாள் பலகைகளைப் படம் எடுத்து ஸ்டாஃப் ரூம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆனால் சுவரில் இருக்கும் தமிழ், டாக்டர் மேஜைக்கு எதிரே இருக்கும் நாற்காலி வரைக்கும் எப்போதும் கூட வருவதில்லை.

நாலாவது முறை பார்த்த டாக்டர் சற்று நிதானமாகப் பார்த்து, பெரிய இடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். தேசியத் தோல் மருத்துவ மையம். நான் போய் இறங்கிய வாரத்திலேயே தேதி. “நானும் வர்றேன்” என்றேன். “உனக்கு எதுக்குக்கா சிரமம்” என்றான். அவன் கண்ணில் வேறு என்னவோ இருந்தது. நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டலே ரோடு

நொவீனா ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் மண்டலே ரோடு. பக்கத்திலேயே டான் டோக் செங் என்ற பழைய, பெரிய மருத்துவமனை. தோல் மையம் 1988-ல் தொடங்கப்பட்டது. தோலுக்கென்றே தனி மருத்துவமனை என்பது எனக்குப் புதுசு. எங்கள் ஊரில் படைக்கும் தேமலுக்கும் யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவோம். சிரங்குக்கு வேப்பிலை, மஞ்சள். அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கலில் கேட்டு ஒரு டியூப்.

ரயிலில் போகும்போதே மனசுக்குள் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தேன். அரிப்பு, இட்சிங். எரிச்சல், பர்னிங். சரி, நமைச்சல்? அதற்கும் இட்சிங். தினவு? அதுவும் இட்சிங்தான். ஊறல்? குத்தல்? சுறுசுறுவென்று இருக்கிறது என்பதற்கு? முப்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள், தம்பியின் கையில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லோடு போய்க்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு நர்ஸ் விவரம் கேட்டார். தம்பி என் காதில், “சூட்டு உடம்புன்னு சொல்லுக்கா” என்றான். நான், “சிஸ்டர், ஹிஸ் பாடி இஸ் ஹீட்” என்றேன். நர்ஸ் உடனே காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்து நெற்றியில் காட்டினார். காய்ச்சல் இல்லை. “நோ ஃபீவர்” என்றார். “நோ, நோ, நாட் ஃபீவர். இன்சைட் ஹீட்” என்றேன். அவர் மறுபடியும் கருவியைத் தூக்கினார்.

பக்கத்து நாற்காலியில் எழுபது வயது மதிக்கத்தக்க சீனப் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிரித்துவிட்டு, “ஆ, ஹீட்டி! ஹீட்டி!” என்றார். நர்ஸ் முகம் தெளிந்தது. பிறகுதான் தெரிந்தது, சீனர்களுக்கும் சூட்டுப் பண்டம், குளிர்ச்சிப் பண்டம் என்ற கணக்கு உண்டு. டூரியான் பழம் சூடு. தோலில் புண் இருந்தால் இறால், நண்டு ஆகாது. தம்பி ஒன்றரை வருடமாகக் கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் ஒதுக்கி வைத்திருந்தான். அதைச் சொன்னதும் பாட்டி தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். எனக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் இரண்டு பேரின் அம்மாக்களும் ஒரே மாதிரி பத்தியச் சாப்பாடுதான் போட்டிருக்கிறார்கள்.

நான் செய்த தப்பு

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. மெல்லிய குரல். தம்பியின் கையை விளக்குக்கு அடியில் வைத்து, விரல் விரலாகப் பார்த்தார். பிறகு கேள்விகள். எனக்குப் புரிந்த வரைக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டு போனேன்.

என்ன மருந்து போடுகிறார்? நான் பையிலிருந்து டியூபை எடுத்து நீட்டினேன். ஊரில் மெடிக்கலில் வாங்கியது, அவனுடைய அம்மா ஒவ்வொரு முறையும் யாரிடமாவது கொடுத்தனுப்புவது. டாக்டர் பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து எல்லாம் ஒன்றாகக் கலந்த களிம்பு. போட்டதும் அரிப்பு அடங்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து போகும், உண்மையான நோய் என்ன என்பதும் மறைந்துபோகும். இந்தியாவிலேயே 2018-ல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். நம் வீட்டு அலமாரிகளுக்கு அந்த விதி இன்னும் போய்ச் சேரவில்லை.

“என்ன வேலை செய்கிறார்?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, “ஸ்டோர்... ஸ்டோர் ஹெல்ப்பர்” என்றான்.

எனக்குத் திக்கென்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? “யெஸ், ஸ்டோர்” என்றேன். தம்பி சொல்லிவிட்டான், விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற ரத்த பாசம்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னார். நீங்கள் வந்தது நல்லது. ஆனால் நான் அவரிடம் கேட்க வேண்டும். அவர் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு யாரையோ போனில் கூப்பிட்டார்.

சிறிது நேரத்தில் தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் வந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் மலாய் வாசனை, எங்கள் தமிழில் செம்மண் வாசனை. ஆனாலும் புரிந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தம்பிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார்:

“தம்பி, டாக்டர் கேக்குறாங்க. ஊருக்குப் போனா சரியாகுதா?”

அவ்வளவுதான் கேள்வி. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

போன பொங்கலுக்கு அவன் ஒரு மாதம் ஊருக்கு வந்திருந்தான். வந்து பத்தாவது நாளே கை ஆறத் தொடங்கிவிட்டது. பொங்கல் முடிந்து கிளம்பும்போது கை பழையபடி இருந்தது. ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சு என்றார் சித்தப்பா. கண்ணேறு கழித்ததால்தான் என்றாள் சித்தி. அவள் ஊற்றிய நெய் என்றாள் பாட்டி. நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அந்த ஒரு மாதமும் அவன் கையில் சிமென்ட் படவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

“சரியாகுது” என்றான். கொஞ்சம் கழித்து, “திரும்ப வந்து ஒரு வாரத்துல வந்துடுது” என்றான். அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரி எல்லாம் வந்தது. ஸ்டோர் வேலை இல்லை, கான்கிரீட் வேலை. சிமென்ட் அலர்ஜி என்று எழுதிவிட்டால் கம்பெனி பெர்மிட்டை வெட்டி ஊருக்கு அனுப்பிவிடும் என்று ரூமில் எல்லாரும் சொல்கிறார்கள். கடன் இன்னும் பாதி இருக்கிறது. ஊரில் வீட்டுக்கு வானம் தோண்டியாகிவிட்டது.

என் இங்கிலீஷ் எத்தனை நன்றாக இருந்திருந்தாலும் இதை நான் மொழிபெயர்த்திருக்க முடியாது. ஏனென்றால் இதை அவன் என்னிடம் தமிழில்கூடச் சொல்லவில்லை. அக்கா பக்கத்தில் இருந்தால் அக்காவுக்குத் தெரியக் கூடாததைத் தம்பி எப்படிச் சொல்வான்? விமான நிலையத்தில் கையை ஒளித்தவன், டாக்டரிடமும் ஒளித்தது என்னால்தான் என்று அப்போது புரிந்தது. நான் எழுந்து வெளியே போய் உட்கார்ந்தேன்.

முதுகில் ஒட்டிய விடை

அடுத்த வாரம் பேட்ச் டெஸ்ட். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் பதித்த பட்டைகளை முதுகில் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒவ்வாமை தரக்கூடிய ஒரு பொருள் துளியூண்டு. இரண்டு நாள் கழித்துப் பட்டையை எடுத்துப் பார்ப்பார்கள். மேலும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அது பெரிய தவம். “அரிக்குதுக்கா, ஆனா எந்தக் கட்டம் அரிக்குதுன்னு தெரியல” என்று போனில் சொன்னான்.

கடைசி நாளன்று ஒரு கட்டம் மட்டும் சிவந்து, தடித்து, பொரிப்பொரியாக நின்றது. பொட்டாசியம் டைகுரோமேட். குரோமியம்.

தமிழ் ஊழியர் மறுபடி வந்து விளக்கினார். ஈர சிமென்ட் இரண்டு விதத்தில் கையைக் கெடுக்கும். ஒன்று, அது சுண்ணாம்பு மாதிரி காரமானது. தோலை நேரடியாக அரித்துப் புண்ணாக்கும். அது யாருக்கும் வரலாம். இன்னொன்று, அதில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் குரோமியம். அது சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். வேலைக்குச் சேர்ந்து மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட வரும். ஒரு தடவை வந்துவிட்டால் உடம்பு அதை மறக்காது.

அவர் சொன்ன அடுத்த விஷயத்தில்தான் தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான். கை புண்ணானதும் தன் காசிலேயே நல்ல தோல் கையுறை வாங்கிப் போட்டிருந்தான். தோல் பதனிடப் பெரும்பாலும் பயன்படுவதும் குரோமியம்தான். புண்ணுக்குக் காவலாக எதைப் போட்டானோ, அதுவும் சேர்ந்துதான் கடித்திருக்கிறது.

இதற்கு ஆலையிலேயே ஒரு வைத்தியம் உண்டு என்பதைத் தோழி வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். சிமென்ட்டில் ஃபெரஸ் சல்பேட் கலந்தால், அந்தக் குரோமியம் தோலுக்குள் எளிதில் புகாத வடிவத்துக்கு மாறிவிடும். டென்மார்க்கில் 1980-களிலேயே இதைச் செய்தார்கள். சிமென்ட்டில் இந்தக் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் விதியே கொண்டுவந்தது. ஃபெரஸ் சல்பேட் என்றால் ஏதோ வெளிநாட்டு ரசாயனம் என்று நினைக்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையிலும் பெரும்பாலும் அதுதான்.

இனி பெர்மிட் என்ன ஆகும்? டாக்டர் பொய்யான நம்பிக்கை எதையும் கொடுக்கவில்லை. கம்பெனி என்ன செய்யும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, ஆனால் உண்மையை எழுதினால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு என்றார். வேலையால் வரும் தோல் நோய், சிங்கப்பூர் அரசிடம் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. வொர்க் பெர்மிட்டில் இருப்பவரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. இதெல்லாம் நாலு வருடமாக அங்கே இருக்கும் தம்பிக்குத் தெரியாது. ரூமில் சொன்னதுதான் அவனுக்குச் சட்டம்.

கடிதத்தில் ‘ஈர சிமென்ட்டைத் தொடாத வேலை தர வேண்டும்’ என்று எழுதியிருந்தது. நான் கிளம்பிய அன்று அவனைக் கேபிள் இழுக்கும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். ஓவர்டைம் குறைவு. கடன் அடைய இன்னும் ஒரு வருடம் கூடும். ஆனால் ஊருக்கு அனுப்பவில்லை. விமான நிலையத்தில் இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். சட்டைக் கை மடித்துவிட்டிருந்தது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

நம் இரண்டு மாவட்டங்களிலும் சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்று ஆள் போகாத தெரு அபூர்வம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களுக்கு இதை அனுப்புங்கள்.

புண்ணோ தடிப்போ அதிகமாக இருக்கும் நாளில் போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் அது அடங்கியிருக்கும். படத்துக்கு மொழி தேவையில்லை.

போடுகிற, சாப்பிடுகிற எல்லா மருந்தின் உறையையும் எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து, எண்ணெய், ஊரிலிருந்து வந்த டியூப் எல்லாம் சேர்த்துத்தான். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம்.

எப்போது தொடங்கியது, என்ன வேலை, கையில் படுவது என்னென்ன, லீவில் குறைகிறதா என்ற நாலு விஷயத்தையும் தெரிந்தவரிடம் சொல்லி அந்த ஊர் மொழியில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

‘தமிழ்’ என்ற ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்லுங்கள். பெரிய மருத்துவமனைகளில் தமிழ் பேசும் ஊழியரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்பது தப்பில்லை. வளைகுடா நாடுகளில் மலையாள நர்ஸ் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சிங்கப்பூரில் ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பு 2006 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகவே மருத்துவ உதவி செய்துவருகிறது.

போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலி வழி கேட்க உதவும். நோயைச் சொல்லக் கொஞ்சம் ஜாக்கிரதை. நான் “கை எரியுது” என்று சொல்லிப் பார்த்தேன். கையில் தீப்பிடித்துவிட்டது என்று அது ஆங்கிலத்தில் அலறியது. சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சொந்தக்காரரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள், தப்பில்லை. ஆனால் கூடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள்.

சட்டி தூக்கும் கை

ஆடி முடிந்து ஆவணியில் தம்பி வீட்டுக்குத் தளம் போட்டார்கள். காலையிலேயே கலவை இயந்திரம் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. முதல் சட்டியை வீட்டுக்காரர் தூக்கிக் கொடுப்பது வழக்கம். வீடியோ காலில் தம்பி. “அந்த மொதச் சட்டியை நான் தூக்கணும்னுதான் அக்கா நெனச்சிருந்தேன்” என்றான். அவன் ஊரில் இருந்திருந்தாலும் தூக்கியிருக்க முடியாது. சித்தி மஞ்சள் குங்குமம் வைத்து, முதல் சட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். அவன் அங்கே கையெடுத்துக் கும்பிட்டான். போன் திரையில் அந்தக் கைகள் நன்றாகத் தெரிந்தன. சுத்தமாக இருந்தன.

மதியம் சாப்பாடு பரிமாறும்போது இலைக்கு முன்னால் இருந்த இன்னொரு கையைப் பார்த்தேன். சித்தாள் வேலைக்கு வந்திருந்த பெண், நாற்பது வயது இருக்கலாம். விரல் இடுக்கு சிவந்து, உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்திருந்தது. ரசத்தைச் சாதத்தோடு பிசையும்போது முகம் சுளித்தாள். சிமென்ட் விளையும் ஊரில், ஒரு நாளைக்கு நூறு சட்டி தூக்கும் கைக்குக் கையுறை இல்லை. சாயங்காலம் கழுவிவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவதோடு சரி.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “வேலை இல்லாத நாள்ல சரியாகுதா?”

நிமிர்ந்து பார்த்தாள். “எப்படி டீச்சர் தெரியும்? மழைக்குப் பத்து நாள் வீட்ல உக்காந்தா ஆறிடும். வேலைக்குப் போனா திரும்ப வந்துடும். யார்கிட்டச் சொல்றது? சொன்னா மேஸ்திரி வேற ஆளைக் கூப்பிட்டுக்குவார்.”

ஒரே ஊர், ஒரே மொழி. அதே பயம்.

அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஒரு நாள் கூலி போகுமே என்று அவள் தயங்கினாள். இரண்டு வாரம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். அவள் கட்டைப்பையில் ஒரு டியூபும் எண்ணெய்ப் பாட்டிலும் இருந்தன. நான்தான் எடுத்துவரச் சொல்லியிருந்தேன்.

வரிசையில் எங்கள் முறை வந்தது. அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், நீங்களே டாக்டர்கிட்டச் சொல்லிடுங்க.”

“இல்லம்மா, நீயே சொல்லு. நான் வெளியில உக்காந்திருக்கேன்.”